நாலாவது ஆள் எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்களைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பேருக்கும் வேறு வேறு கம்பெனி. எல்லா இடத்திலும் மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஏ ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை பி ஷிப்ட், 10 முதல் மறுநாள் காலை 6 வரை சி ஷிப்ட். நான்கு பேர் சேர்ந்தால்தான் ஆட முடியும் என்கிற ஒரு வீடியோ கேமை அவர்கள் வாங்கிவிட்டார்கள். எப்போது ஆடுவார்கள்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ ஷிப்ட் முடித்தவருக்கு மாலை ஓய்வு. சி ஷிப்ட் முடித்தவர் காலையில் படுத்து மூன்று மணிவாக்கில் எழுவார். இரவு ஒன்பது வரை அவருக்கும் ஓய்வு. இந்த இருவருக்கும் மாலை பொதுவாகக் கிடைத்துவிடுகிறது. பி ஷிப்ட்காரர் மட்டும் மாலை முழுக்க மெஷின் முன்னால் நிற்கிறார். அவருக்குக் காலையில்தான் நேரம். அப்போது ஒருவர் வேலையில் இருக்கிறார், இன்னொருவர் தூக்கத்தில் இருக்கிறார். ஆகவே எல்லோரும் ஒன்றுகூட இரண்டே வழி: யாருமே பி ஷிப்டில் இருக்கக் கூடாது, அல்லது எல்லோருமே பி ஷிப்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் வாராவாரம் ஷிப்ட் குலுக்கல் முறையில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் சந்திக்கும் வாய்ப்பு 9-க்கு 5. பாதிக்கு மேல், நல்ல எண்தான். மூன்று பேருக்கு அது 3-க்கு 1 ஆகிவிடுகிறது. நான்கு பேருக்கு 81-க்கு 17, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் ஒரு வாரம். ஆறு பேர் தேவைப்படும் ஆட்டமாக இருந்தால் பதினோரு வாரத்தில் ஒரு வாரம்.

குலுக்கல் இல்லாமல் ஷிப்ட் ஒழுங்காகச் சுற்றும் இடத்தில் இன்னொரு விந்தை காத்திருக்கிறது. எல்லோருக்கும் ஏ, பி, சி என்று ஒரே வரிசையில் வாரம் ஒருமுறை மாறுகிறது. நண்பர்கள் இரண்டு ஷிப்டில் மட்டும் பிரிந்திருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் சேர்ந்து ஆடலாம். மூன்று ஷிப்டிலும் ஆள் இருந்தால்? எந்த வாரத்தை எடுத்தாலும் யாரோ ஒருவர் பி-யில் இருப்பார், மற்றவர்கள் இருக்க மாட்டார்கள். வார விடுமுறை ஒத்துப்போனால் உண்டு. வேலை நாளில் அவர்கள் நால்வரும் சேர்ந்து ஆடும் மாலை பத்து வருடம் காத்திருந்தாலும் வராது.

ஆட்களெல்லாம் ஒரே பக்கம் நின்று, ஆட்டத்தையே எதிராளியாக வைத்து ஆடுவதைக் கூட்டாட்டம் என்று சொல்லலாம். ஆடுகிறவர்கள் ‘கோ-ஆப்’ என்பார்கள். பப்ஜியில் நான்கு பேர் ‘ஸ்குவாட்’ அமைத்து ஆடியவர்களுக்கு இதில் பாதி பழக்கம். ‘இத்தனை பேர் தேவை’ என்று கூட்டாட்டத்தின் விளம்பரத்தில் மூலையில் போட்டிருக்கும் எண் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் நம் கணக்கில் ஒவ்வோர் ஆள் கூடும்போதும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. அந்த ஆட்டம் இனிப்பதும் சலிப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணைப் படைப்பாளிகள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தது. எதிரியை வடிவமைப்பதைவிட இதற்குத்தான் அவர்கள் கூடுதல் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஏன் இந்த வம்பு, தனியாகவே ஆடிவிடலாமே? தனியாகக் கிடைக்காத ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதனால்தான். ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனம், ஜோசப் ஃபாரெஸ் தலைமையில், 2021 மார்ச்சில் ‘இட் டேக்ஸ் டூ’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மணமுறிவுக்குத் தயாராகும் ஒரு தம்பதி சின்னஞ்சிறு பொம்மைகளாகிவிடுகிறார்கள். அதன் ஒரு கட்டத்தில் கணவனிடம் ஆணிகள் மட்டும். மனைவியிடம் சுத்தியல் மட்டும். அவன் எட்டாத பலகையில் ஆணியை எறிந்து பதிக்க வேண்டும். அவள் சுத்தியலை அந்த ஆணியில் மாட்டி ஊஞ்சலாடி மறுபக்கம் தாவ வேண்டும். தாவிய பிறகு அவள் எதையாவது அடித்து நொறுக்கி அவனுக்கு வழி செய்ய வேண்டும். ஆணிக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனியாக ஓர் அடி நகர முடியாது. அந்தக் கட்டம் பழகிக் கைவரும்போது ஆணியும் சுத்தியலும் போய்விடுகின்றன. இப்போது அவன் பிசினைப் பீய்ச்சுகிறான், அவள் தீக்குச்சியை எய்து அதை வெடிக்க வைக்கிறாள். ஆட்டம் முழுக்க இப்படி இரண்டு அரைக் கருவிகள்தான், ஒன்றாகச் சேர்ந்தால் முழுசு. தனி ஆளுக்கு இதில் வழியே இல்லை. அப்படியிருந்தும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் அதற்கே.

நம் ஊர் பின்னல் கோலாட்டம் இதே தத்துவம். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வெளியே என்று மாறி மாறிப் போனால்தான் ஜடை விழும். ஒரு பெண் நின்றுவிட்டால் அத்தனை கயிறும் நிற்கும்.

இன்னொருவரின் தேவையை இரண்டு வகையில் உண்டாக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஒன்று எடைத் தேவை: எதிரியின் பலத்தை ஏற்றிவிட்டு, தூக்க நான்கு கை வேண்டும் என்பது. மற்றது பூட்டுத் தேவை: ஒருவரிடம் பூட்டு, மற்றவரிடம் சாவி. எடையைக் கெட்டிக்காரர் ஒருவர் தனியாகவே தூக்கிவிடலாம். அப்போது மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். பூட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சாவிக்காரர் வராத நாளில் ஆட்டமும் இல்லை.

2008 நவம்பரில் வந்த ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ இந்த இரண்டையும் ஒன்றாகப் பின்னியது. நான்கு பேர், எண்ணற்ற பிணப் பேய்கள். பேய்களில் சில தனி ரகம்: ஒன்று பாய்ந்து மேலே அமர்ந்துகொள்ளும், ஒன்று நீண்ட நாக்கால் சுற்றித் தூரத்துக்கு இழுத்துப் போகும். இறுகச் சிக்கிக்கொண்டவர் தன்னைத் தானே விடுவிக்க வழியில்லை. துப்பாக்கியில் எத்தனை குண்டு இருந்தாலும் கூட்டாளி ஒருவர் வந்து பேயை விலக்கியாக வேண்டும். அதுவரை ‘நான் பார்த்துக்கறேன்’ என்று முன்னால் ஓடியவர் அந்த ஒரு கணத்தில் குழுவுக்குத் திரும்பிவிடுகிறார். இதைச் சட்டமாக எழுதி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. பேயின் நாக்கே அந்த வேலையைச் செய்கிறது.

நாலாவது ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதில் பதில் உண்டு. காலி இடத்தைக் கணினியே நடத்தும் ஒரு பாத்திரம், ‘பாட்’ என்பார்கள், நிரப்பிக்கொள்ளும். ஆள் பாதியில் வந்து சேர்ந்தால் பாட் ஒதுங்கி இடம் கொடுக்கும். ஓ.டி. பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஒருவர் எழுந்து போனாலும் மற்ற மூவரின் மாலை கெடுவதில்லை.

இதைவிட அழகான ஏற்பாடு திரைக்குப் பின்னால் இருந்தது. ‘இயக்குநர்’ என்று பெயரிட்ட ஒரு நிரல், ஆடும் ஒவ்வொருவரின் பதற்றத்தையும் மதிப்பிட்டுக்கொண்டே இருக்கும். அடி வாங்கினால் மதிப்பு ஏறும், பக்கத்தில் பேயைக் கொன்றால் ஏறும், சும்மா நடந்தால் மெல்ல இறங்கும். பதற்றம் உச்சத்தைத் தொட்டதும் அதை 3 முதல் 5 விநாடி அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, புதிய பேய்களை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். பிறகு 30 முதல் 45 விநாடி மூச்சுவிடும் நேரம். அந்த அரை நிமிடத்தில்தான் ஒருவர் காயத்துக்கு இன்னொருவர் கட்டுப் போடுவதும், மருந்தைப் பங்கிடுவதும், ‘நல்லவேளை நீ வந்தே’ என்று சொல்வதும் நடக்கிறது. நட்பு வளர இடைவேளை வேண்டும் என்று ஒரு நிரல் விநாடிக் கணக்கில் ஒதுக்கி வைத்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

எடைத் தேவையில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ நல்ல பாடம். ஜப்பானின் கேப்காம் 2018 ஜனவரியில் வெளியிட்டது. ராட்சச விலங்குகளை ஒருவர் முதல் நான்கு பேர் வரை சேர்ந்து வேட்டையாடலாம். விலங்கின் உயிர் அளவுக்கு இரண்டே படிகள் வைத்திருந்தார்கள்: தனி ஆளுக்கு ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொன்று. ஆக, இருவர் சேர்ந்து போனாலும் நால்வருக்கான விலங்கு எதிரே நிற்கும். நண்பனை அழைத்து வருவது உதவியாக இல்லாமல் தண்டனையாகிவிட்டது. 2019 செப்டம்பரில் வந்த ‘ஐஸ்போர்ன்’ விரிவாக்கத்தோடுதான் இருவருக்கென்று ஒரு படி செதுக்கினார்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு முள். கதைக் காட்சி வரும் வேட்டையில், அந்தக் காட்சியை ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்து முடித்த பிறகே கூட்டாளியைச் சேர்க்க முடியும். இரண்டு பேர் கதையில் ஒரே இடத்தில் இருந்தால், இருவரும் தனித்தனியே தொடங்கி, தனித்தனியே பார்த்து, ஒருவர் தன் வேட்டையைக் கைவிட்டு மற்றவரோடு போய்ச் சேர வேண்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் மாலையில் இதற்கு நேரம் போனால் கோபம் வரத்தான் செய்யும். ஆட்டத்துக்குள் இருக்கும் எந்த விலங்கும் அவ்வளவு தொல்லை தராது.

நண்பர்கள் கிடைக்காவிட்டால் அந்நியர்கள். இங்கே வேலை செய்வது இணைசேர்ப்பு; ஆடுபவர்கள் ‘மேட்ச்மேக்கிங்’ என்று சொல்வது. ஒரு நேரத்தில் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்று வைப்போம். கூட்டம்தான். ஆனால் திறமையை ஐந்து தட்டாகப் பிரித்தால் தட்டுக்கு 200 பேர். இடத்தை ஐந்து வட்டாரமாகப் பிரித்தால் 40 பேர். மொழியை நான்காகப் பிரித்தால் 10 பேர். நாலு பேர் குழுவென்றால் இரண்டு குழுவும் இரண்டு உதிரிகளும். அதனால் இந்த நிரல்கள் முதலில் கறாராக இருந்து, நேரம் ஆக ஆகத் தங்கள் நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டே போகும். பத்து விநாடி காத்திருந்தவருக்குச் சரிநிகரான ஆள். ஒரு நிமிடம் காத்திருந்தவருக்குக் கிடைத்த ஆள்.

சந்திப்பே தெருவில்தான் என்றால் நிலைமை இன்னும் இறுகும். நியான்டிக் நிறுவனம் உருவாக்கிய ‘போக்கிமான் கோ’ 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவோடு சேர்ந்து முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அதில் ‘ரெய்டு’ என்ற கூட்டுச் சண்டையைச் சேர்த்தார்கள். உண்மையான ஊரில், உண்மையான ஓர் இடத்தில் பலமான போக்கிமான் ஒன்று குறிப்பிட்ட நேரத்துக்குத் தோன்றும். அதில் உயர்ந்த ரகத்தைத் தோற்கடிக்கப் பல பேர் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டியிருந்தது. ஒருவர் நுழைந்ததும் 120 விநாடி ஓடத் தொடங்கும்; அதற்குள் இருபது பேர் வரை சேரலாம். பெருநகரப் பூங்காவில் இது திருவிழா. கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில் அந்த இரண்டு நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் நிற்கும் நிலை வரலாம். இந்த ஆட்டத்தின் மையங்கள் பெரும்பாலும் நியான்டிக்கின் முந்தைய ஆட்டமான ‘இன்கிரஸ்’ ஆட்டக்காரர்கள் முன்பு பரிந்துரைத்த இடங்கள்: கோயில், சிலை, பூங்கா இப்படி. ஆட்டக்காரர்கள் திரண்டிருந்த இடத்தில் மையங்களும் திரண்டன. குறைவாக இருந்த ஊரில் அவையும் குறைவு.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ள ஒரு தொலைச் சீட்டு வந்தது. தனித்து நின்றவருக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து கூட்டாளிகள் கிடைத்தார்கள். 2023 ஏப்ரலில் நியான்டிக் அந்தச் சீட்டின் விலையை ஏற்றி, நாளைக்கு ஐந்துதான் என்று வரம்பும் வைத்தது. வெளியே நடந்து திரிவதற்காகச் செய்த ஆட்டம் சோபாவுக்குள் சுருங்குகிறது என்பது அவர்கள் கவலை. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் சிற்றூர்க்காரருக்கு அந்தச் சீட்டு சொகுசாக இருந்ததில்லை, ஆட்டத்துக்குள் நுழையும் ஒரே கதவாக இருந்தது என்பதால் என் மனம் ஆட்டக்காரர்கள் பக்கம்தான் சாய்கிறது.

தூரத்து ஆள் சேர்ந்ததும் இயற்பியல் குறுக்கே வருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கிலோமீட்டர். போய்வர அரை மில்லி விநாடிகூட ஆகாது. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்னை அம்பத்தூரில் இன்று பெரிய தரவு மையங்கள் நிற்கின்றன. சர்வர் அங்கே இருந்தால் பக்கத்து வீடு மாதிரிதான். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் போய்வர 32 மில்லி விநாடி. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு; சொந்தங்கள் கடல் கடந்து சிதறியிருக்கும் குடும்பங்கள். அங்கிருந்து ஒரு தம்பி டொரன்டோவில் இருக்கும் அண்ணனோடு ஆடினால் போய்வர 200 மில்லி விநாடியைத் தாண்டிவிடும், ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்துக்கு அருகில். இங்கே மாலை ஏழு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை எட்டரை என்பது தனிச் சிக்கல்.

ஒளியை விரட்ட முடியாது. அதனால் முன்னூகம் என்ற உத்தி வந்தது: சர்வரின் பதில் வருமுன்பே, ‘இப்படித்தான் நடக்கும்’ என்று கருவி ஊகித்து உங்கள் திரையில் காட்டிவிடுவது. 1996-ல் ஜான் கார்மாக் ‘குவேக்வேர்ல்ட்’ ஆட்டத்தில் இதைப் புகுத்தினார். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் உடனே தாவுகிறது. சர்வர் பின்னால் வந்து சரியா என்று பார்க்கிறது. தவறென்றால் சத்தமில்லாமல் திருத்துகிறது. அப்படியானால் தம்பியின் திரையும் அண்ணனின் திரையும் ஒரே கணத்தைக் காட்டுவதில்லை. இருவரும் சற்றே வேறான இரண்டு நிகழ்காலங்களில் தோளோடு தோள் நின்று சண்டையிடுகிறார்கள், அது தெரியாமலே.

போட்டி ஆட்டத்தில் இது தீராத தகராறு. நான் சுவருக்குப் பின்னால் போய்விட்டேனே, எப்படிச் சுட்டாய்? கூட்டாட்டத்தில் எதிரே மனிதர் இல்லை என்பதால் படைப்பாளி தாராளமாக இருக்கலாம். விலங்கு உங்களை அடித்ததா இல்லையா என்ற தீர்ப்பை உங்கள் கருவியிடமே விட்டுவிடலாம். உங்கள் கண்ணுக்குத் தப்பித்ததாகத் தெரிந்தால் தப்பித்ததாகவே வைத்துக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே பக்கம் நிற்கிறோம் என்பது தாமதத்தையே பாதி மறைத்துவிடுகிறது.

அடுத்த தடை மொழி. சிப்காட் பகுதியில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் பேசும் இளைஞர்கள் தமிழ் பேசுபவர்களோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். சேர்ந்து ஆட என்ன மொழி? 2019-ல் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ ஒரு பொத்தானில் இதற்கு விடை வைத்தது. ஒரு பொருளை நோக்கி அழுத்தினால் கூட்டாளிகள் திரையில் அந்த இடம் ஒளிரும். எதிரியா, ஆயுதமா, போகவேண்டிய இடமா என்பதை ஆட்டமே புரிந்துகொண்டு, அவரவர் தேர்ந்தெடுத்திருக்கும் மொழியில் அவரவருக்குச் சொல்லும்.

2012-ல் வந்த ‘ஜர்னி’ இன்னும் துணிச்சலானது. ஜெனோவா சென்னின் குழு பேச்சையே எடுத்துவிட்டது. பாலைவனத்தில் நடக்கிறீர்கள், எங்கிருந்தோ இன்னோர் உருவம் வருகிறது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரே ஒரு ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். பிரிந்து போனால் வேறொருவர் அந்த இடத்தில் வந்து சேர்வார். ஆள் மாறியதே பலருக்குத் தெரியாது. ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு சோதனை அதிர்ச்சி தந்தது: ஒருவரையொருவர் தள்ள முடிந்ததால் ஆட்டக்காரர்கள் கூட்டாளியைப் பள்ளத்தில் தள்ளினார்கள். சென்னின் குழு அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. உடல்கள் மோதும் வசதியை நீக்கிவிட்டு, அருகில் வந்து தொட்டால் இருவரின் துணியும் ஒளிபெற்றுப் பறக்கும் சக்தி கூடும்படி மாற்றினார்கள். அதே ஆட்டக்காரர்கள் ஒட்டிக்கொண்டே நடந்தார்கள்.

எண்ணிக்கை, தூரம், மொழி எல்லாம் தளர்ந்தும் மிஞ்சி நிற்பது நேரம். ஹிடியோ கோஜிமாவின் ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ (2019) அதையும் கழற்றிப் பார்த்தது. அதில் இரண்டு ஆட்டக்காரர்கள் சந்திப்பதே இல்லை. ஆனால் ஒருவர் ஆற்றின் மேல் போட்ட பாலமும் பாறையில் சாய்த்த ஏணியும் இன்னொருவரின் உலகத்தில் தோன்றும். சாலைக்குப் பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் போட்டு நிறைக்கலாம். காலையில் ஆடியவர் விட்டுச் சென்ற ஏணி நள்ளிரவில் ஆடுபவரைக் காப்பாற்றும்; அவர் பதிலுக்கு ஒரு ‘லைக்’ அனுப்புவார். மூன்று ஷிப்ட்காரர்களுக்கும் பொருந்தும் கூட்டாட்டம் இதுதான்.

ஆனாலும் பாலத்தைக் கடக்கிற மகிழ்ச்சியும், ‘இப்போ எறி! இப்போ!’ என்று கத்தி ஆணியைப் பிடித்துத் தாவுகிற மகிழ்ச்சியும் ஒன்றில்லை. ஹேஸ்லைட் நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. 2025 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட ‘ஸ்பிளிட் ஃபிக்ஷன்’ ஆட்டத்திலும் இரண்டு பேர் கட்டாயம். பாட் கிடையாது, அந்நியரைச் சேர்த்துவிடும் ஏற்பாடும் கிடையாது. பதிலாக, ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம். ‘இட் டேக்ஸ் டூ’விலும் இந்த நண்பர் சீட்டு இருந்தது, இருவரிடமும் ஒரே வகைக் கருவி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதிய ஆட்டத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்: ஒருவரிடம் கம்ப்யூட்டர், மற்றவரிடம் பிளேஸ்டேஷன் இருந்தாலும் போதும்.